தூசி துடைத்த கை

கொங்கு நாட்டில் ஒருவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள். சிங்காநல்லூர் வெள்ளியங்கிரிக் கவுண்டரின் பங்களா வாசலில் அன்று சாயங்காலம் ரசாக்குக்கு அந்த மரியாதை ஒரு குறையும் இல்லாமல் கிடைத்தது.

"ஏனுங்க, அங்கியே நின்னுக்குங்க. உள்ள நாயை அவுத்து உட்டிருக்குதுங்க. கடிச்சுப்போட்டா எங்களைச் சொல்லக் கூடாது பாருங்க," என்றார் திருமூர்த்தி.

கவுண்டரின் மைத்துனர் அவர். அக்காள் வீட்டோடு இருந்துகொண்டு பந்தய மாடு வளர்ப்பதும் ஆட்களை மிரட்டுவதுமாகக் காலம் தள்ளுகிறவர். கேட்டை முக்கால்வாசி மூடிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாய் உள்ளயா இருக்குதுங்க?" என்றான் ரசாக். "வாசல்ல நிக்குதுன்னு நெனச்சுப்போட்டேன்."

திருமூர்த்தியின் மீசை துடித்தது. அதற்குள் ரசாக்கோடு வந்திருந்த துப்பறியும் அவினாசியப்பன் நடுவில் புகுந்து, வக்கீல் வாங்கிக் கொடுத்த போலீஸ் அனுமதியை நீட்டினார். அவர் ஒல்லியான மனிதர். கோட்டுக்குள் ஆளைவிடக் காற்றுதான் அதிகம். குரலும் அப்படித்தான், உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை.

"வண்டியைப் பாத்துட்டுப் போயிடறோமுங்க. பொழுது சாயறதுக்குள்ள கெளம்பிடுவோம்."

கேலியெல்லாம் ரசாக்கின் வாயோடு சரி. கோவை லாக்கப்பில் கிடக்கும் யாகூப் அவன் அக்காள் ஆமினா பீவியின் புருஷன். கவுண்டரின் காரோட்டி. முந்தாநாள் பொழுது சாயும் நேரத்தில் சத்தியமங்கலம் ரோட்டில் நடந்து போன கண்ணையா என்ற மில் தொழிலாளி மேல் ஒரு பெரிய கறுப்பு மோட்டார் ஏறிவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஓட்டியவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அடுத்த நாள் காலையில் போலீஸ் வந்து பார்த்தபோது கவுண்டரின் வண்டிச் சக்கரங்களில் சத்தி ரோட்டுச் செம்மண் அப்பியிருந்தது. மேலே மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை. வண்டியைத் திருட்டுத்தனமாக எடுத்துப் போய் ஆளைக் கொன்றுவிட்டு, விடிவதற்குள் துடைத்து வைத்துவிட்டான் டிரைவர் என்று கேஸ் எழுதிவிட்டார்கள். காரைத் துடைப்பது காரோட்டியைத் தவிர வேறு யார் என்பதுதான் அவர்கள் வாதம். அந்த நேரத்தில் கோட்டைமேட்டுப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தேன் என்று யாகூப் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். சாட்சி சொன்னவர்கள் எல்லாம் உறவுக்காரர்கள் என்று தள்ளிவிட்டார்கள். நாளைக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். அதற்குப் பிறகு ஆமினாவின் கதி என்ன என்று நினைக்கவே ரசாக்குக்குத் தைரியம் இல்லை.

கார்க் கொட்டகை பங்களாவின் பக்கவாட்டில், மேற்குப் பார்த்து இருந்தது. அவினாசியப்பன் இரண்டு கதவுகளையும் அகலத் திறக்கச் சொன்னார். இறங்கு வெயில் உள்ளே பாய்ந்ததும் கறுப்பு வண்டி கண்ணாடியாக மின்னியது. பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்த ரசாக் நெஞ்சில் கை வைத்தான்.

முன்மூடி முழுக்க மயிரிழைக் கீறல்கள். மட்கார்டில் கீறல், கதவில் கீறல். நேராகப் பார்த்தால் தெரியாது. வெயில் சாய்ந்து விழும் இடத்தில் மட்டும் சிலந்தி வலையாகத் தெரிந்தது.

"சார், மச்சான் இதைப் பாத்துத்தான் அழுதாருங்க. 'எவன்டா என்ற வண்டியக் கீறுனது'ன்னு கத்துனாராம். அதையும் நடிப்புன்னு சொல்லிப்போட்டாங்க."

"உன்ற மச்சான் எப்படித் தொடைப்பாரு? சொல்லு கேக்கலாம்."

"தொடைக்கவே மாட்டாருங்க. தூசியத் தொடைக்கக் கூடாது, தூக்கணும்பாரு. தூசின்னா என்னங்க, பொடிக்கல்லு. அதைத் துணியில அழுத்தி இழுத்தா வண்டிக்கு அரம் போட்ட மாதிரி. ஒருக்கா நான் துண்டுல தொடைக்கப் போயி முதுகுல ஒண்ணு வாங்கினேன். எம்பட நிக்காவுக்குக்கூட அவ்வளவு சத்தமா கைதட்டல் கேக்கலீங்க."

கொட்டகைச் சுவரில் ஆணியில் ஒரு சேவல் இறகுக் குஞ்சம் தொங்கிக்கொண்டிருந்தது. அவினாசியப்பன் அதைப் பார்த்தார். பிறகு சாவதானமாக வெளியே போய்த் தரையிலிருந்து ஒரு பிடி புழுதியை அள்ளி வந்து, வண்டியின் பின்பக்கத்தில் கீறல் இல்லாத இடமாகப் பார்த்துத் தூவினார்.

"என்ற வண்டி மேல மண்ணைப் போடறதுக்குத்தான் வந்தீங்களா?"

கொட்டகை வாசலில் வெள்ளியங்கிரிக் கவுண்டர் நின்றிருந்தார். கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. மில் வைத்தும் காடு கழனி விடாத மனிதர். ஊரில் அவருக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. காரில் எப்போதும் பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவராகத்தான் ஊர் அவரைப் பார்த்திருக்கிறது.

"மன்னிக்கோணுங்க. ஒரு நிமிஷம்," என்றார் அவினாசியப்பன். "ரசாக்கு, தூக்கிக் காட்டு."

ரசாக் முதலில் வாயால் ஊதினான். பிறகு குஞ்சத்தை எடுத்து உதறி, இறகின் நுனி மட்டும் படும்படி முன்னாலிருந்து பின்னால் ஒரே வாட்டமாக வீசினான். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு உதறல். கடைசியில் மிச்சமிருந்த மெல்லிய படலத்தின் மேல், யாகூப் துவைத்து வைத்திருந்த மல் துணியை நனைத்துப் பிழிந்து விரித்தான். அழுத்தாமல், இழுக்காமல், அப்படியே மேலே எடுத்தான். மடித்துச் சுத்தமான பக்கத்தைத் திருப்பி மறுபடி விரித்து எடுத்தான். புழுதி போயிற்று. ஒரு கோடு விழவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் அவினாசியப்பன். "யாகூப் தொடைச்சிருந்தா இந்தக் கீறல் உழுந்திருக்காதுங்க."

கவுண்டர் சிரித்தார். "ஏனுங்க துப்பறியறவரே, ஆளைக் கொன்னுபோட்டு வந்தவனுக்குக் கை நடுங்குமா, இல்ல கோழி இறகை எடுத்துக்கிட்டுச் சாமரம் வீசுவானா? பதட்டத்துல கெடச்ச துணியில அவசரமா தொடச்சிருப்பான். இதைச் சொல்றதுக்கா இவ்வளவு தொலவு வந்தீங்க? போயி மோரு குடிச்சுட்டுக் கெளம்புங்க."

ரசாக் குஞ்சத்தைத் திரும்ப ஆணியில் மாட்டினான். மாஜிஸ்திரேட்டும் நாளைக்கு இதைத்தான் சொல்வார்.

"பதட்டத்துல புதுப் பழக்கம் வராதுங்க," என்றார் அவினாசியப்பன். "கையில ஊறின பழக்கம்தான் வெளிய வரும். நீச்சல் தெரிஞ்சவன் தடுக்கித் தண்ணியில உழுந்தா நீந்தத்தான் செய்வான். யாகூப் கை பதட்டத்துலயும் நேராத்தான் போயிருக்கும். இந்தக் கையி நேரா போகலை. ரசாக்கு, எப்படிப் போயிருக்குதுன்னு பாரு."

ரசாக் முட்டி போட்டு உட்கார்ந்து கண்ணைச் சுருக்கினான். கீறல்கள் எல்லாம் அரைவட்டம். பிறை பிறையாக, ஒன்றின் ஓரத்தை இன்னொன்று மிதித்துக்கொண்டு வரிசையாக வந்தன.

"தோசைக்கு மாவு இழுத்தாப்டி இருக்குதுங்க."

"தோசைன்னா நடுவுல தொடங்கி முழு வட்டமா வெளிய போகும். இது பாதியில திரும்புது. திரும்பித் திரும்பிப் பின்னாலயே வருது."

"அப்ப மாடு தேய்ச்ச கையிங்க," என்று ரசாக் எழுந்து திருமூர்த்தியைப் பார்த்தான். கண்ணையா, கவுண்டரின் மில்லில் ஆட்களைத் திரட்டி வேலைக்குப் போகாமல் நிறுத்தியவன். அவன் கையைக் காலை எடுத்துப்போடுவேன் என்று திருமூர்த்தி சந்தையில் நின்று சொன்னது ஊருக்கே தெரியும். கார் ஓட்டவும் தெரிந்தவர். ரசாக் மனதில் முதலிலிருந்தே அவர்தான் குற்றவாளி.

"நாக்கை அடக்கிப் பேசு," என்று திருமூர்த்தி ஒரு எட்டு முன்னால் வந்தார். 'ங்க' கழன்று விழுந்துவிட்டது. "மாட்டை எவன்டா பிறை பிறையாத் தேய்ப்பான்? மசிரு போற வாட்டத்துல நீளமாத்தான் தேய்ப்போம். மாட்டைக் கண்டிருக்கியாடா நீ?"

"அது மெய்தான்," என்றார் அவினாசியப்பன். ரசாக்குக்கு முகம் தொங்கிப்போயிற்று.

அவினாசியப்பன் கொட்டகையை விட்டு வெளியே வந்தார். யாரையும் கேட்காமல் பங்களாவின் பின்பக்கம் நடந்தார். கவுண்டரும் மைத்துனரும் பின்னாலேயே வந்தார்கள். அங்கே வேலைக்காரி நஞ்சம்மாள் நெல் காயப்போடும் களத்தைச் சாணி கரைத்து மெழுகிக்கொண்டிருந்தாள். குந்தி உட்கார்ந்து, கை எட்டுகிற மட்டும் ஒரு வளைப்பு வளைத்து, ஒரு அடி பின்னால் நகர்ந்து, அடுத்த வளைப்பு. ஈரத் தரை முழுக்கப் பிறை பிறையாகத் தடம்.

காரில் கிடந்தது அப்படியே இங்கே தரையில் கிடந்தது.

திருமூர்த்தி சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்படிப் போடு. ஏ நஞ்சம்மா, அந்த பாய் சொல்லி நீதான் காரைத் தொடச்சியா? அவன் தப்பிக்கறதுக்கு நீ கூட்டா?"

நஞ்சம்மாள் சாணிக் கையோடு எழுந்து நின்றாள். "சாமி சத்தியமா நான் அந்த வண்டிகிட்டக்கூடப் போனதில்லீங்க."

"போலீஸ்ல போயிச் சொல்லு," என்றார் கவுண்டர். அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்தது. "ரொம்ப உபகாரமுங்க துப்பறியறவரே. டிரைவருக்கு ஒரு கூட்டாளியையும் புடிச்சுக் குடுத்துட்டீங்க."

ரசாக்குக்கு உயிரே போயிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டதே. மச்சானைக் காப்பாற்ற வந்து, பாவப்பட்ட ஒருத்தியையும் சேர்த்துக் கிணற்றில் தள்ளியாகிவிட்டது. அவினாசியப்பன் மேலேயே அவனுக்கு ஆத்திரம் வந்தது.

அவரோ எதையோ மறந்துவிட்டவர் மாதிரி நெற்றியைச் சொறிந்துகொண்டு நின்றார். "நஞ்சம்மா, கொஞ்சம் கையை நீட்டும்மா."

அவள் நீட்டினாள். முழங்கை வரை சாணி. அதற்கு மேலே வெறும் கை.

"புருஷன் தவறி வெகு நாளாச்சுங்களா?"

"ஆச்சுங்க, என்ற மவன் தவழையிலயே."

"அன்னையிலிருந்து வளையல் போடறதில்லை."

"போடலாமுங்களா சாமி?"

அவினாசியப்பன் கவுண்டர் பக்கம் திரும்பினார். "காருல ஒவ்வொரு பிறைக்கும் பக்கத்துலயே, கொஞ்சம் உள்ள தள்ளி, ரெண்டு மூணு சன்னக் கோடு கூடவே வளைஞ்சு போகுதுங்க. துணி புடிச்ச கையில இருந்து வளையலு நழுவி மணிக்கட்டுல நின்னு, தூசியோட சேந்து உரசியிருக்குது. தொடச்சவங்க பொம்பளை. சாணி மொழுகிப் பழகின பொம்பளை. கையில வளையலும் உண்டு. வெடியால, இருட்டு பிரியறதுக்குள்ள, வண்டியத் தண்ணி ஊத்திக் கழுவினாத் தரை நனைஞ்சு காட்டிக்குடுக்கும்னு யாரோ சொல்லியிருக்காங்க. அதனால காஞ்ச துணி."

அவினாசியப்பன் போகிற போக்கில் கேட்பது போல நஞ்சம்மாளைக் கேட்டார். "இந்த ஊட்டுல எல்லாத் தரையும் நீதான் மொழுகறயா?"

"சாமி ரூமுக்குள்ள நாங்க போகக் கூடாதுங்களே. அது மட்டும் ஆத்தா வெள்ளிக்கு வெள்ளி அவிங்க கையாலயே..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். சாணிக் கையென்றும் பாராமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பங்களா முழுக்கச் சிமெண்டுத் தரை போட்டாகிவிட்டது. சாமி அறை மட்டும் மண்தரையாகவே இருக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம்.

"வாயைப் பொத்தாத நஞ்சம்மா. உன்னைக் கோர்ட்டுல நிறுத்தறதைப் பாத்துக்கிட்டு நான் சாமி கும்பிட முடியாது."

சமையல்கட்டு நிலைப்படியில் மயிலாத்தாள் நின்றிருந்தாள். கவுண்டரின் மனைவி. எத்தனை நேரமாக நின்று கேட்டாளோ தெரியவில்லை. முகம் வெளிறியிருந்தது. இரண்டு கையிலும் வளையல்.

"மயிலா, உள்ள போ," என்றார் கவுண்டர்.

"நாந்தானுங்க தொடச்சேன்," என்றாள் அவள், அவினாசியப்பனைப் பார்த்து.

ரசாக்குக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கத்த வேண்டும் போல இருந்தது. அவினாசியப்பன் அவன் தோளில் கை வைத்து அழுத்தினார்.

"யாருக்காகத் தொடச்சீங்கம்மா?"

மயிலாத்தாளின் கண் தம்பி மேல் போய் நின்றது. அதில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அம்மா செத்தப்ப இவன் கைக்குழந்தைங்க. நான்தான் வளத்தினேன். எப்படிங்க காட்டிக்குடுப்பேன்?"

"என்ன அக்கா பேசறே?" திருமூர்த்தி வாயைப் பிளந்தார். "நானா? அன்னிக்கு நான் சூலூர்ல ரேக்ளா பந்தயத்துல இருந்தேன். என்ற காளை ரெண்டாவதா வந்துது. ஊரே பாத்துது. ராத்திரி அங்கயே படுத்துட்டு அடுத்த நாள் மத்தியானந்தான வந்தேன்."

மயிலாத்தாள் அவரையே பார்த்தாள். பொய் சொன்னால் தம்பியின் காது சிவக்கும் என்பது அவளுக்குத் தெரியும். காது சிவக்கவில்லை.

"அம்மா," என்றார் அவினாசியப்பன் மெதுவாக. "உங்க தம்பிதான் வண்டிய எடுத்துட்டுப் போனாருன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

களத்தில் ஒரு காக்கை இறங்கி, யாரும் விரட்டாததால் அங்கேயே நின்றது. மயிலாத்தாள் மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"நீங்கதானுங்க சொன்னீங்க," என்றாள். "வெடியால எழுப்பி, 'உன்ற தம்பி ஒருத்தன் மேல ஏத்திப்போட்டு வந்துட்டான், தூக்குல தொங்குவான், சத்தமில்லாம தூசியத் தொடச்சு உடு'ன்னீங்க. 'அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போடாத, பயத்துல எங்கியாவது ஓடிருவான்'னீங்க."

"ஆடு மாடு மேய்ச்ச குடும்பத்துக்குப் புத்தி எங்க இருக்கும்," என்றார் கவுண்டர். "எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுன்னு இந்த ஜில்லாவுக்கே தெரியும்."

அந்த வார்த்தையில்தான் அவர் கவிழ்ந்தார். திருமூர்த்தியின் மீசை மறுபடி துடித்தது. இந்தத் தடவை ரசாக்குக்காக அல்ல.

"ஏன் மாமா, மில்லு மைதானத்துல ஆளுங்க வரதுக்கு முந்தி உங்களுக்கு ஓட்டப் பழக்கினதே நாந்தான? கியரு மாத்தையில கரகரன்னு சத்தம் வருது, நாலு பேரு பாத்தாச் சிரிப்பாங்க, யாருகிட்டயும் மூச்சு உடாதேன்னு சத்தியம் வாங்கினீங்களே. கண்ணையா மேல கறுவிக்கிட்டு இருந்தது நானு மட்டுமா? பழியத் தூக்கி என்ற தலையில வெச்சு, அக்கா கையாலயே தொடைக்க வெச்சீங்களா? பாய் மாட்டலீன்னா அடுத்தது நானா மாமா?"

கவுண்டர் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். ஊர்ப் பஞ்சாயத்தில் எதிராளிகள் களைத்துப்போகும்வரை சும்மா உட்கார்ந்திருப்பாரே, அந்த முகம்.

"ஊட்டுப் பேச்சை ஊட்டுல பேசிக்கலாம்," என்றார் கடைசியில். "புருஷனுக்கு எதிரா எந்தப் பொண்டாட்டி சாட்சி சொல்லுவா? வந்தவங்களுக்கு வழியக் காட்டுங்க."

அது உண்மைதான் என்று ரசாக்குக்குப் பட்டது. இத்தனை தெரிந்தும், இந்தக் கேட்டுக்கு வெளியே போனதும் எல்லாம் காற்றில் போன பேச்சாகிவிடும். அக்காள் முகம் கண் முன்னால் வந்தது. "ஆத்தா," என்றான். கேலி, கிண்டல் எதுவும் குரலில் இல்லை. "லாக்கப்புல இருக்கறது என்ற அக்கா புருஷனுங்க. ரெண்டு புள்ளைங்க."

மயிலாத்தாள் அவனைப் பார்த்தாள். "நீ ஆமினா தம்பியா? பெருநாளுக்குப் பெருநாள் எனக்குப் பலகாரம் குடுத்து உடற புள்ளை அவ." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வண்டி ஓட்டுவியா கண்ணு?"

"ஓட்டுவேனுங்க. எங்க போகோணுங்க?"

"போலீஸ் கச்சேரிக்கு."

திருமூர்த்தி உள்ளே போனார். வரும்போது கையில் கார்ச்சாவி இருந்தது. கேட்டை மூடிப் பிடித்திருந்த அதே கையால் அதை ரசாக்கிடம் கொடுத்தார்.

"கீறலு, வண்டி, கீறின கையி, மூணும் ஒண்ணாவே வருது. நாம நடக்க வேண்டியதில்லை," என்று அவினாசியப்பன் கொட்டகைக்குப் போய் முன்சீட்டில் ஏறினார். மயிலாத்தாள் பின்சீட்டில், கவுண்டர் சாய்ந்து உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

ரசாக் எஞ்சினைக் கிளப்பினான். கொட்டகையின் வாசலில் வெயிலை மறைத்துக்கொண்டு வெள்ளியங்கிரிக் கவுண்டர் வந்து நின்றார். தடியைக் குறுக்கே பிடித்திருந்தார்.

"என்ற வண்டி," என்றார். "என்னைத் தாண்டி எப்படிப் போகுதுன்னு பாக்கறேன்."

வண்டி உறுமிக்கொண்டிருந்தது. ரசாக்கின் வலது கால் ஆக்ஸிலேட்டர் மேல் இருந்தது. ஒரே ஒரு அழுத்து. அவன் அதை விரும்பினான், மறைப்பானேன், மனதார விரும்பினான். லாக்கப்பில் மச்சான், வாசலைப் பார்த்துக்கொண்டு அக்காள், சத்தி ரோட்டில் ரத்தத்தில் கிடந்த கண்ணையா, எல்லாரும் சேர்ந்து அந்தக் காலின் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"ரசாக்கு," என்றார் அவினாசியப்பன் அடிக்குரலில். "நாம அவரு இல்லை."

ரசாக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அப்போது பின்சீட்டுக் கண்ணாடி இறங்கியது. மயிலாத்தாள் தலையை வெளியே நீட்டிப் புருஷனைப் பார்த்தாள். குரலில் கோபம்கூட இல்லை. சோறு போடட்டுமா என்று கேட்கிற அதே குரல்தான்.

"கண்ணையாவும் இப்படித்தான் நின்னானுங்களா?"

கவுண்டரின் கை தடியை விட்டது. அவர் பார்வை வண்டியின் முன்மூடிமேல் விழுந்து, அங்கேயே சிறிது நேரம் நின்றது. பிறகு அவர் ஓரமாக விலகிச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார், வண்டி வெளியே போயிற்று.